பரிவு, ஒத்ததிர்வு, ஒத்திசைவு: ஒரு தட்டைச் சுருளின் சொற்கதை

மலேசியாவின் கோலா சிலாங்கூர் தோட்டப்புறங்களில், புக்கிட் பெலிம்பிங் போன்ற இடங்களில், தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளை ஆறாம் ஆண்டு வரை அறிவியலைத் தமிழில் படிக்கிறது. 2003-இல் வந்த கொள்கையால் நடுவில் சில ஆண்டுகள் அதுவும் ஆங்கிலத்துக்குப் போயிருந்தது. இடைநிலைப்பள்ளிக்குப் போனதும் கம்பிச்சுருள் மலாயில் 'கெகெலுங்' ஆகிவிடும். இயற்பியலில் அதிர்வுப் பாடம் வரும்போது புதிதாக ஒரு சொல் எதிர்ப்படும்: 'ரெசோனன்ஸ்'. அதற்குத் தமிழ் என்ன என்று தேடினால் ஒன்றுக்கு மூன்று கிடைக்கின்றன. தமிழ்நாட்டுப் பாடநூலில் ஒத்ததிர்வு. இலங்கைப் பாடநூலில் பரிவு. பொதுக் கட்டுரைகள் பலவற்றில் ஒத்திசைவு.

மூன்றும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றனவா? கம்பிச்சுருள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் வேறுபாடு தெளிவாகும்.

அத்தகைய ஒரு சுருளுக்காக மின்பொறியாளர் நிக்கோலா டெஸ்லா 1893 ஜூலையில் விண்ணப்பித்து, 1894 ஜனவரி 9 அன்று 512,340 என்ற எண்ணில் ஓர் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். மின்காந்தங்களுக்கான சுருள் அது. கம்பியை உருளையில் சுற்றாமல், தட்டையாக, ஒரே தளத்தில் சுற்றுவது. அதுவும் ஒரு கம்பியாக இல்லை; இரண்டு கம்பிகளைப் பக்கம் பக்கமாக வைத்துச் சுற்றுவது. கொசுவத்திப் பெட்டியைத் திறந்தால் இரண்டு வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து கிடக்குமே, அதே அமைப்பு. முதல் கம்பியின் உள்முனையை இரண்டாவது கம்பியின் வெளிமுனையோடு இணைக்க வேண்டும். மின்னோட்டம் முதல் கம்பி முழுவதும் ஓடிவிட்டு, மறுபடி வெளியிலிருந்து தொடங்கி, அதே திசையில் இரண்டாவது கம்பியிலும் சுற்றும்.

இந்த இணைப்பில்தான் விஷயமே இருக்கிறது. உள்முனைகள் இரண்டையும் சேர்த்துவிட்டால் போன மின்னோட்டம் எதிர்த்திசையில் திரும்பும். காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மின்தூண்டல் இல்லாத மின்தடைகளை அப்படித்தான் சுற்றுகிறார்கள். இரண்டுக்கும் இருகம்பிச் சுருள் என்றே பெயர். சொல் ஒன்று, வேலை நேர்மாறு. எந்த முனை எதோடு சேர்கிறது என்று சொல்லாமல் 'இருகம்பி' என்று மட்டும் எழுதினால் படிப்பவர் தவறான சுருளைச் சுற்றி வைப்பார்.

டெஸ்லா காட்டிய கணக்கு எளிது. ஆயிரம் சுற்றுள்ள சாதாரணச் சுருளுக்கு 100 வோல்ட் கொடுத்தால், அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே பத்தில் ஒரு வோல்ட்தான் வேறுபாடு. இருகம்பிச் சுருளில் பக்கத்துக் கம்பி பாதிச் சுருள் தள்ளி நிற்கிறது. வேறுபாடு 50 வோல்ட். ஐந்நூறு மடங்கு. சுற்றுகளுக்கு இடையே தேங்கும் ஆற்றல் மின்னழுத்தத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அது 2,50,000 மடங்கு ஆகிறது. இந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு இலவச மின்சாரம் கிடைக்கும் என்று ஆசை காட்டுகிறவர்கள் உண்டு. அது நாம் கொடுத்த ஆற்றல். சுருள் அதைத் தேக்கி வைத்துத் திருப்பித் தருகிறது. மிகுதியாக எதுவும் பிறப்பதில்லை. டெஸ்லா அங்கே தேடியதும் அதையன்று. அந்தக் காலத்தில் விலை கூடிய கண்டன்சரை, அதாவது மின்தேக்கியை, தனியாக வாங்கி வைக்காமல், சுருளே அந்த வேலையைச் செய்ய வேண்டும் என்பதுதான் அவர் நோக்கம்.

இனிச் சொல்லுக்கு வரலாம். சுருளின் மின்தூண்டலும், சுற்றுகளுக்கு இடையே ஆற்றலைத் தேக்கும் அதன் சொந்த மின்தேக்குத்திறனும் சேர்ந்து ஓர் இயல்பான அதிர்வெண்ணைத் தீர்மானிக்கின்றன. மின்தேக்குத்திறன் நான்கு மடங்கானால் அந்த அதிர்வெண் பாதியாகும். வெளியிலிருந்து அதே அதிர்வெண்ணில் ஊட்டினால் சுருளின் மின்னதிர்வு பெருகும். தமிழ்நாட்டார் சொல்லில் 'ஒத்து' அதிர்கிறது: ஒத்து என்ற வினையெச்சமும் அதிர்வும் சேர்ந்த சொல். நடப்பதை நடக்கிறபடியே சொல்கிறது. இலங்கையின் 'பரிவு' வேறு வழியில் வந்தது. ஒரு தந்தியை மீட்டினால், தொடாத இன்னொரு தந்தி அதே சுருதியில் இருந்தால் தானும் அதிரும்; ஒருவர் வருத்தத்துக்கு இன்னொருவர் இரங்குவது போன்ற செயல். காற்றுக்குழாயில் ஒலியின் வேகம் அளக்கும் கருவிக்கு அங்கே பரிவுக் குழாய் என்று பெயர். இக்கட்டுரையாளருக்கு அழகில் பரிவின் மேல்தான் நாட்டம். ஆனால் வேறொன்றின் தூண்டலுக்கு மறுமொழி என்ற குறிப்பு அதில் அழுத்தமாக இருப்பதால், ஒத்த அதிர்வெண் என்ற நிபந்தனை பின்னுக்குப் போய்விடுகிறது.

ஒத்திசைவு இந்த இடத்துக்குப் பொருந்தாது. அதற்குச் சான்று புக்கிட் பெலிம்பிங்கிலேயே இருக்கிறது. சிலாங்கூர் ஆற்றோரத்து பெரெம்பாங் மரங்களில் இருட்டியதும் மின்மினிகள் ஒரே தாளத்தில் விட்டுவிட்டு ஒளிர்கின்றன. ஆற்றின் இன்னொரு கரையிடமான கம்போங் குவாந்தானில் படகேறுகிறவர்கள் பார்க்கப் போவதும் இதைத்தான். ஒவ்வொரு பூச்சிக்கும் சொந்தத் தாளம் உண்டு. பக்கத்துப் பூச்சியைப் பார்த்து அதைச் சற்று முந்தவோ பிந்தவோ செய்துகொள்கிறது. யாரும் அவற்றை ஊட்டுவதில்லை. 1665-இல் டச்சு அறிவியலாளர் ஹைகன்ஸ் ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு ஊசல் கடிகாரங்களில் இதே குணத்தைக் கண்டு 'சிம்பதி' என்றார். ஐரோப்பியரும் இரண்டையும் ஒரே சொல்லில் கலந்துதான் தொடங்கினார்கள். தமிழுக்கு அந்தக் குழப்பம் வேண்டாம். தாளங்கள் தாமே சேர்வது ஒத்திசைவு. ஊட்டுவதால் பெருகுவது ஒத்ததிர்வு.

ஒத்ததிர்வு சட்டைப்பையிலும் இருக்கிறது. கோலா சிலாங்கூருக்குப் போகும், 2011-இல் திறந்த லாத்தார் நெடுஞ்சாலையின் டோல் சாவடியில் நீட்டும் டச் என் கோ அட்டைக்குள் பேட்டரி கிடையாது. தட்டையான சுருளும் சிறு சில்லும்தான். வாசிப்பான் 13.56 மெகாஹெர்ட்ஸில் புலத்தை அனுப்ப, அதற்கேற்ப இசைவிக்கப்பட்ட சுருளில் மின்னழுத்தம் ஏறிச் சில்லு விழித்துக்கொள்கிறது. சுற்றுகளுக்கு இடையேயான மின்தேக்குத்திறனும் அந்த இசைவுக் கணக்கில் சேரும். ஒரே பணப்பையில் இரண்டு அட்டைகள் ஒட்டியிருந்தால், ஒன்றின் ஒத்ததிர்வை மற்றது நகர்த்திவிடும், வாசிப்பான் தடுமாறும்.

மின்தேக்குத்திறனுக்கு மட்டும் இலங்கைச் சொல்லான 'கொள்ளளவம்' மேல் என்றே தோன்றுகிறது. 'மின்தேக்கி' என்றால் தனியே ஒரு பொருள் கண்முன் நிற்கிறது. இந்தச் சுருளில் அப்படி ஒரு பாகமே இல்லை. இன்சுலேஷன் பூசிய கம்பி மட்டும்தான். 'கொள்ளளவம்' ஒரு பண்பைச் சொல்வதால் 'தன் கொள்ளளவம்' என்பது இயல்பாக அமைகிறது. சுருளின் இன்னொரு குணத்துக்குத் தமிழ்நாட்டு நூல்களில் 'தன் மின்தூண்டல்' ஏற்கெனவே இருப்பதால், இரண்டும் பக்கம் பக்கமாக நிற்கும்.