மசில் கார் மீளமைப்பு

மசில் கார் மீளமைப்பு என்பது 1960களிலும் 1970களின் தொடக்கத்திலும் ஐக்கிய அமெரிக்காவில் தயாரிக்கப்பட்ட உயர்திறன் தானுந்துகளைப் பிரித்துப் பழுதுநீக்கி, அவை தொழிற்சாலையை விட்டு வெளிவந்த நிலைக்கோ அதற்கு நெருங்கிய நிலைக்கோ கொண்டுவரும் பணியாகும். உதிரிப்பாகங்களைத் தேடிப் பெறுவது இப்பணியின் பெரும்பகுதி ஆகும். ஒரு பாகம் வண்டியில் பொருந்துமா என்பதுடன், அது அவ்வண்டிக்கு உரியதுதானா என்பதும் இங்கு முக்கியமாகக் கருதப்படுகிறது. வண்டியின் சந்தை மதிப்பு பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்விக்கான விடையையே சார்ந்துள்ளது.

பின்னணி

நடுத்தர அளவுள்ள, விலை குறைந்த உடற்கூட்டில் பெரிய வி-8 எஞ்சினைப் பொருத்தியதே மசில் கார் ஆகும். 1964ஆம் ஆண்டின் பொன்டியாக் ஜி.டி.ஓ. இவ்வகையைப் பரவலாக்கியது. நடுத்தர வண்டிகளில் 330 கன அங்குலத்திற்கு மேற்பட்ட எஞ்சினைப் பொருத்தக் கூடாது என்ற விதி அப்போது ஜெனரல் மோட்டார்சில் இருந்தது. எனவே 389 கன அங்குல (சுமார் 6.4 லிட்டர்) எஞ்சின், தனி மாதிரியாக அன்றி, டெம்பெசுட் லெமான்சு வண்டிக்கான விருப்பத் தொகுப்பாக விற்கப்பட்டது.

காப்புறுதிக் கட்டண உயர்வு, புகை வெளியேற்றச் சட்டங்கள், 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடி ஆகியவற்றால் இவ்வகை வண்டிகள் மறைந்தன. பின்னர் தயாரிப்பு அடையாளங்கள் பலவும் மறைந்தன. ஏ.எம்.சி. 1987இல் கிறைசுலருடன் இணைந்தது. பிளைமவுத் 2001இலும், ஓல்ட்சுமொபைல் 2004இலும், பொன்டியாக் 2010இலும் முடிவுற்றன.

அடையாளத்தை உறுதிசெய்தல்

பாகங்களை வாங்குவதற்கு முன், வண்டி எந்த மாதிரி, எந்த எஞ்சினுடன் வெளிவந்தது என்பதை அறிய வேண்டும். 1981க்கு முன் வாகன அடையாள எண்ணுக்குப் பொதுவான 17 எழுத்து முறை இல்லை. அந்த எண் தரும் தகவல் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபட்டது.

* கிறைசுலர்: ஐந்தாம் எழுத்து எஞ்சினைக் குறிக்கும். 1970, 1971 வண்டிகளில் 'ஆர்' என்ற எழுத்து 426 கன அங்குல ஹெமி எஞ்சினைக் காட்டுகிறது.
* பொன்டியாக்: 1964, 1965 ஜி.டி.ஓ. வண்டிகளை அடையாள எண்ணால் பிரித்தறிய முடியாது. 1966 முதல் 1971 வரை 242 என்ற தொடக்கம் ஜி.டி.ஓ.வைக் குறிக்கும்.
* செவ்ரோலெட்: 1969இலிருந்து செவெல் எசு.எசு. ஒரு விருப்பத் தொகுப்பாகவே இருந்தது. அதன் அடையாள எண் சாதாரண வி-8 செவெல்லின் எண்ணிலிருந்து வேறுபடாது.

எண் போதாத இடத்தில் ஆவணங்கள் உதவுகின்றன. பொன்டியாக் வண்டிகளின் விலைப்பட்டியல் நகல்களைப் பொன்டியாக் இசுடாரிக் சர்வீசசு வழங்குகிறது. 1967 முதலான போர்டு வண்டிகளுக்கு மார்ட்டி அறிக்கை கிடைக்கிறது. செவெல் போன்ற வண்டிகளில், பொருத்துநர்களுக்காகத் தொழிற்சாலையில் அச்சிடப்பட்ட தாள் பெட்ரோல் தொட்டியின் மேற்புறத்திலோ இருக்கைச் சுருள்களிலோ சிக்கியிருப்பது உண்டு. ஆகவே வண்டியைப் பிரிக்கும்போது எத்தாளையும் எறியாமல் வைப்பது வழக்கம்.

வார்ப்புத் தேதிகள் மற்றொரு சான்றாகும். செவ்ரோலெட் வார்ப்புகளில் 'ஏ' சனவரியையும் 'எல்' திசம்பரையும் குறிக்கும். 'சி 14 9' என்பது மார்ச் 14ஆம் நாளையும் 9இல் முடியும் ஆண்டையும் தருகிறது. வண்டி பொருத்தப்பட்ட நாளுக்குப் பின்னர் வார்க்கப்பட்ட எஞ்சின் அவ்வண்டியின் மூல எஞ்சினாக இருக்க முடியாது.

உடற்கூடும் துருவும்

ஜி.டி.ஓ., செவெல் ஆகியவற்றில் உடற்கூடு தனி அடிச்சட்டத்தின் மீது அமர்கிறது. மசுடாங், சாலஞ்சர் ஆகியவற்றில் உடற்கூடே சுமையைத் தாங்குகிறது. எனவே பின்கூறிய வண்டிகளில் தரைத்தகடு துருப்பிடித்தால் வண்டியின் வலிமையே குறைகிறது. துருத் தகடுகளை வெட்டும்போது உடற்கூடு வளையாதிருக்க உள்ளே தற்காலிகத் தாங்குகம்பிகள் பற்றவைக்கப்படுகின்றன. பின்கண்ணாடியின் அடிவிளிம்பு, சாமான் அறையின் தரை, பின்சக்கர வளைவு, மசுடாங்கில் முன்கண்ணாடிக்குக் கீழுள்ள காற்றுப்பெட்டி ஆகியவை துருப்பிடிக்கும் முதன்மை இடங்கள். வண்ணப்பூச்சும் நிரப்புப் பசையும் இவற்றை மறைத்திருக்கக்கூடும்.

உதிரிப்பாகங்களின் வகைகள்

* மூலப் பாகம்: வண்டியுடன் வந்த பாகம். பழுதுநீக்க முடியுமாயின் இதுவே விரும்பப்படுகிறது.
* பயன்படுத்திய பாகம்: அதே காலத்து வேறொரு வண்டியிலிருந்து கழற்றப்பட்டது. தேதி பொருந்தினால் மதிப்பு மிகும்.
* பழைய கையிருப்பு: நிறுவனம் தயாரித்து விற்காமல் எஞ்சிய புதுப் பாகம். இவற்றுட் சில பழுதுபார்ப்புக்காகப் பிற்காலத்தில் தயாரிக்கப்பட்டவை. ஒரே பாகம் பல ஆண்டு வண்டிகளுக்குப் பொருந்துமாறு மாற்றப்பட்டிருப்பதும் உண்டு. எனவே 'பழைய கையிருப்பு' என்ற பெயர் மட்டுமே முழு ஒப்புமைக்கு உறுதி ஆகாது.
* மறுஉற்பத்திப் பாகம்: இன்று புதிதாகச் செய்யப்படுவது. தகட்டுப் பாகங்களின் விளிம்பு இடைவெளிகள் மாறுபடக்கூடும். ஆகையால் வண்ணம் பூசுமுன் கதவு, முன்மூடி ஆகியவற்றுடன் சேர்த்துப் பொருத்திப் பார்க்கப்படுகின்றன.

கிடைக்கும் இடங்கள்

மிகுதியாக விற்ற மசுடாங், கமாரோ ஆகியவற்றுக்குக் கிளாசிக் இண்டசுட்ரீசு, நேசனல் பார்ட்சு டிப்போ போன்ற விற்பனையாளர்களின் பட்டியல்களில் பெரும்பாலான பாகங்கள் உள்ளன. டைனாகார்ன் நிறுவனம் சில ஆண்டு வண்டிகளுக்கு முழு உடற்கூட்டையே தயாரித்துள்ளது. ஏ.எம்.சி., ஓல்ட்சுமொபைல், பியூக் வண்டிகளுக்கு மறுஉற்பத்தி குறைவு. அவற்றின் உரிமையாளர்கள் வண்டி உடைப்பகங்களையும் பாகச் சந்தைகளையும் நம்பியுள்ளனர். பென்சில்வேனியாவில் 1974 முதல் கார்லைல் நகரில் நடைபெறும் சந்தைகளும், ஹெர்சி நகரின் இலையுதிர்காலச் சந்தையும் பெயர்பெற்றவை. வட மாநிலங்களில் பனிக்காலத்தில் சாலைகளில் உப்பு தூவப்படுவதால், வறண்ட அரிசோனா போன்ற இடங்களின் தகட்டுப் பாகங்கள் அதிகம் நாடப்படுகின்றன. ஒரு பாகம் வேறு எந்தெந்த மாதிரிகளுக்குப் பொருந்தும் என்பதை ஹாலண்டர் மாற்றுப்பாகக் கையேடு தருகிறது. உரிய வண்டியில் கிடைக்காத பாகம் அதே நிறுவனத்தின் சாதாரண வண்டியில் கிடைப்பதுண்டு.

எஞ்சின்

செவ்ரோலெட் வி-8 எஞ்சினில், பயணி பக்கத்துச் சிலிண்டர் தலைக்கு முன்னால் உள்ள சிறு தளத்தில் எண்கள் பொறிக்கப்பட்டுள்ளன. சிலிண்டர் கட்டையின் மேற்பரப்பைச் சமப்படுத்தக் கடையும்போது இவ்வெண்கள் அழிந்துவிடலாம். எனவே அந்தத் தளத்தைத் தொடாமல் விடுமாறு பட்டறைக்கு முன்கூட்டியே கூறி, எண்களை ஒளிப்படம் எடுத்து வைத்தல் வேண்டும். நேர்மையாகச் செய்த பழுதுநீக்கம்கூட வண்டியின் சான்றை நிலையாக அழித்துவிடக்கூடும்.

ஐக்கிய அமெரிக்காவில் சாலை வண்டிகளுக்கான ஈயப் பெட்ரோல் 1996இல் முற்றாகத் தடைசெய்யப்பட்டது. ஈயம் இல்லாத நிலையில் தேய்வதைத் தவிர்க்க, புகைவால்வுகளுக்குக் கடினப்படுத்திய இருக்கைகள் பொருத்தப்படுகின்றன. எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பர்க் குழாய்களைச் சிதைப்பதால் அவையும் மாற்றப்படுகின்றன. பழைய பிரேக் பட்டைகளில் கல்நாரும், பழைய வண்ணப்பூச்சில் ஈயமும் இருக்கலாம். அவற்றின் தூசியைக் காற்றழுத்தத்தால் ஊதக் கூடாது.

போலிகளும் சட்டமும்

1971ஆம் ஆண்டின் பிளைமவுத் ஹெமி 'குடா திறந்த வண்டிகள் இருபதுக்கும் குறைவாகவே தயாரிக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 இலட்சம் டாலருக்கு விற்கப்பட்டது. அதே ஆண்டின் சாதாரண பாராகுடாவும் இதே உடற்கூட்டைக் கொண்டது. இவ்விலை வேறுபாடே போலிகளுக்குக் காரணம். சாதாரண வண்டியை உயர் மாதிரி போல மாற்றி, அதை வெளிப்படையாகக் கூறி விற்பது முறையானதே. இவை 'நகல்' அல்லது 'அஞ்சலி' வண்டிகள் எனப்படும். ஆனால் வாகன அடையாள எண்ணை வேண்டுமென்றே அகற்றுவதும் மாற்றுவதும் 1984ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றமாகும். எஞ்சினில் எண்களைப் புதிதாகப் பொறித்து மூல எஞ்சின் எனக் காட்டும் ஏமாற்றும் உண்டு. தொழிற்சாலைக் கடைசலின் மெல்லிய கோடுகள் அத்தளத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து வல்லுநர்கள் இதைக் கண்டறிகின்றனர்.

இதனால் மாற்றிய பாகங்களின் பட்டியலும் ஒளிப்படங்களும் பற்றுச்சீட்டுகளும் வண்டியுடன் சேர்த்தே அடுத்த உரிமையாளருக்குக் கையளிக்கப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* பொன்டியாக் ஜி.டி.ஓ.
* போர்டு மசுடாங்
* வாகன அடையாள எண்