வன்பொருள் இயக்கிகளின் திறமூல உரிமம்

அச்சுப்பொறி, வைஃபை அட்டை, வரைகலை அட்டை முதலிய வன்பொருள்களை இயங்குதளம் கையாள உதவும் நிரல் இயக்கி எனப்படும். அதன் மூலநிரலைப் படிக்கவும் திருத்தவும் பகிரவும் இசைவு தருவது திறமூல உரிமம்.

இதன் வரலாறு ஓர் அச்சுப்பொறியில் தொடங்குகிறது. 1980-ஐ ஒட்டி அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறி ஒன்று வந்தது. தாள் சிக்கினால் பயனருக்குத் தகவல் போகும்படி நிரலைத் திருத்த அங்கு பணியாற்றிய நிரலாளர் ரிச்சர்ட் ஸ்டால்மன் விரும்பினார்; ஆனால் மூலநிரல் கிடைக்கவில்லை. 1983-ல் அவர் அறிவித்த குனு என்ற கட்டற்ற மென்பொருள் திட்டத்திலிருந்து, திருத்திப் பகிர்வதையும் அதே உரிமத்தில் திறந்தே தரக் கோரும் ஜிபிஎல் உரிமம் 1989-ல் பிறந்தது. லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய லினக்ஸ் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையக்கரு, 1992-ல் அந்த உரிமத்தை ஏற்றது.

கெர்னலுக்குள் ஏற்றப்படும் இயக்கியும் ஜிபிஎல்லுக்குக் கட்டுப்பட்டதா என்பது இன்றும் தீராத சட்ட விவாதம். கெர்னல் உருவாக்குநர்கள் தீர்ப்புக்குக் காத்திராமல் நிரலிலேயே வேலி போட்டுவிட்டனர். ஒவ்வொரு இயக்கியும் தன் உரிமத்தை அறிவிக்க வேண்டும். மூடிய இயக்கி ஏற்றப்பட்டால் கெர்னல் தன்னைக் 'கறைபட்டது' என்று குறித்துக்கொள்ளும்; அந்தக் கணினியின் கோளாறுகளை உருவாக்குநர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. சில உள்வசதிகள் ஜிபிஎல் இயக்கிகளுக்கு மட்டுமே திறக்கும்.

நிறுவனங்கள் மெல்ல இறங்கி வந்தன. ஏஎம்டி 2007-ல் வரைகலை அட்டைகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. 2009-ல் மைக்ரோசாஃப்ட் லினக்ஸுக்கான சுமார் 20,000 வரி இயக்கி நிரலை ஜிபிஎல்லில் தந்தது. அந்த இயக்கியில் ஜிபிஎல் நிரலும் மூடிய நிரலும் கலந்திருந்தது சுட்டிக்காட்டப்பட்டிருந்ததால் இதை முழுக்கத் தாராளம் என்று சொல்வதற்கில்லை. பிராட்காம் 2010-லும் என்விடியா 2022-லும் தொடர்ந்தன. என்விடியா திறந்தது கெர்னல் பகுதியை மட்டுமே.

தமிழ்நாட்டில், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் 2007-ல் வெளியானது. 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் அதுவும் நிறுவப்பட்டது. பாஸின் அடித்தளமான டெபியன், அதே ஆண்டு வெளியான 6-ஆம் பதிப்பில் திறமூலமல்லாத ஃபர்ம்வேரை, அதாவது வன்பொருளுக்குள்ளேயே இயங்கும் நிரலை, கெர்னலிலிருந்து நீக்கியது. அதனால் பல வைஃபை அட்டைகளுக்கு ஃபர்ம்வேரைத் தனியே தேடி நிறுவ வேண்டியிருந்தது. கொள்கை சரி, சிரமம் பயனருக்கு. டெபியன் உருவாக்குநர்களின் 2022 வாக்கெடுப்புக்குப் பின் 12-ஆம் பதிப்பின் நிறுவியில் ஃபர்ம்வேர் சேர்க்கப்பட்டது.

ஐஐடி மெட்ராஸின் சக்தி செயலி இன்னும் ஒரு படி தாண்டி, சில்லின் வடிவமைப்பையே பிஎஸ்டி உரிமத்தில் திறந்து வைத்தது. 2018-ல் அதன் சில்லில் லினக்ஸ் இயங்கியது. பிஎஸ்டி உரிமத்தில் உள்ளதை எடுத்து மாற்றி, மூடிய பொருளாகவும் விற்கலாம். ஆனால் எந்தச் சில்லுக்கான இயக்கியானாலும், லினக்ஸ் கெர்னலின் மூலத் தொகுப்பில் சேர ஜிபிஎல்லோடு ஒத்துப்போகும் உரிமம் கட்டாயம்.