ஹோம்வேர்ல்டு: கல்லில் கிடைத்த ஊர்

கம்ப்யூட்டர் கேமுக்குப் போய் சரித்திரக் கட்டுரையா என்று சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். சினிமாவுக்குச் சரித்திரம் எழுதுகிறோம், கிரிக்கெட்டுக்கு எழுதுகிறோம், இதற்கு எழுதினால் என்ன? அதுவும் ஊரை விட்டு வந்து வேறெங்கோ வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருக்கும் நம்மைப் போன்றவர்களுக்கென்றே செய்தது மாதிரி ஒரு கேம் இருக்கிறது. பெயர் ஹோம்வேர்ல்டு. 1999 செப்டம்பரில் வந்தது. கனடாவின் வான்கூவர் நகரத்தில் ரெலிக் என்ற புது நிறுவனம் செய்த முதல் கேம் இது. வெளியிட்டது சியரா.

முதலில் கொஞ்சம் முன்கதை. இந்த வகைக்கு 'ரியல் டைம் ஸ்ட்ராட்டஜி' என்று பெயர். சதுரங்கம் மாதிரி நீ ஒரு தடவை, நான் ஒரு தடவை என்று காத்திருக்க வேண்டாம். நீங்கள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே எதிரி வந்து அடித்துவிடுவான். 1992-ல் வந்த டூன் 2 இதற்கு அச்சு வார்த்துக் கொடுத்தது. பின்னாலேயே வார்கிராஃப்ட் (1994), கமாண்ட் அண்ட் கான்கர் (1995), ஸ்டார்கிராஃப்ட் (1998) என்று வரிசையாக வந்தன. எல்லாவற்றிலும் சூத்திரம் ஒன்றுதான். பூமியைத் தோண்டு, கட்டடம் கட்டு, படை திரட்டு, எதிரியை நொறுக்கு. ஒரு கட்டம் முடிந்தால் பெரும்பாலும் அந்தப் படை காணாமல் போய்விடும். அடுத்த கட்டத்தில் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். போன கட்டத்தில் ஐம்பது வீரர்களைப் பலி கொடுத்தோமே என்று யாரும் வருத்தப்பட்டதில்லை. வருத்தப்பட அவசியமே இல்லையே!

ஹோம்வேர்ல்டு கை வைத்தது இந்த இடத்தில்தான்.

கதை இது. கராக் என்று ஒரு பாலைவனக் கிரகம். முப்பது கோடி மக்கள். அங்கே மணலுக்கடியில் பழைய விண்கலம் ஒன்று புதைந்து கிடப்பது தெரியவருகிறது. தோண்டிப் பார்த்தால் உள்ளே ஒரு கல். கல்லில் அண்டத்தின் வரைபடமும் ஒரே ஒரு சொல்லும்: ஹீகாரா. அவர்களுடைய ஆதி மொழியில் 'நம் வீடு' என்று பொருள். ஆக, நாம் இந்த ஊர்க்காரர்களே இல்லை, எங்கிருந்தோ வந்தவர்கள் என்று தெரிகிறது. அதுவரை அடித்துக்கொண்டிருந்த குலங்கள் ஒன்று சேர்ந்து அறுபது வருஷம் பாடுபட்டு ஒரு தாய்க்கப்பலைக் கட்டுகின்றன. அவ்வளவு பெரிய கப்பலை இயக்க, கரன் ஸ்ஜெட் என்ற பெண் விஞ்ஞானி தன்னையே அதன் மூளையாக இணைத்துக்கொள்கிறார்.

சோதனை ஓட்டம் முடித்துத் திரும்பி வந்தால், கராக் எரிந்துகொண்டிருக்கிறது. நாலாயிரம் வருஷத்துக்கு முந்தைய ஒப்பந்தத்தை மீறிவிட்டீர்கள் என்று டைடான் பேரரசு கிரகத்தையே கொளுத்திவிட்டது. அப்படி ஓர் ஒப்பந்தம் இருந்ததே இவர்களுக்கு நினைவில்லை. வானில் பெட்டிகளில் உறங்கவைக்கப்பட்டிருந்த ஆறு லட்சம் பேர்தான் பாக்கி. அவர்களைக் காப்பாற்றுவதுதான் மூன்றாவது கட்டம்.

இந்தக் கட்டத்தில் வெற்றி முழக்கம் எதுவும் கிடையாது. பின்னணியில் ஒலிப்பது சாமுவேல் பார்பர் 1936-ல் அமைத்த 'அடாஜியோ'வின் குரலிசை வடிவம். (இதன் வாத்திய வடிவத்தை 'பிளட்டூன்' படத்தில் கேட்டிருப்பீர்கள்.) கதை சொல்வதற்காக ஆட்டத்தை நிறுத்தவில்லை. உங்கள் கையில் மவுஸ் இருக்கிறது, பெட்டிகளைச் சுற்றி எதிரிகள் இருக்கிறார்கள், பின்னால் ஊர் எரிகிறது.

இதற்கப்புறம் அந்தச் சூத்திரம் செல்லாது. மொத்தம் பதினாறு கட்டங்கள். ஒரு கட்டத்தில் மிஞ்சிய கப்பல்கள்தான் அடுத்ததற்கு வரும். இழந்ததை மறுபடி கட்ட விண்கற்களையும் தூசுமேகங்களையும் சுரண்டி மூலப்பொருள் சேர்க்க வேண்டும். அதுவும் அடுத்த இடத்தில் எவ்வளவு கிடைக்குமோ தெரியாது. சண்டையும் தரையில் நடப்பதில்லை. மேலிருந்தும் வருவான், கீழிருந்தும் வருவான். நம் ஆட்கள் சாமர்த்தியமாகக் கண்டுபிடித்துக்கொண்ட வழி, மீட்புக் கப்பல்களை அனுப்பி எதிரியின் கப்பலையே இழுத்து வந்துவிடுவது! இடம் மாறிப் பிழைப்பவன் எதையும் வீணாக்க மாட்டான் என்பது கணக்கிலேயே இருக்கிறது.

நான் இதை முதலில் ஆடியது 2001-ல், புனேக்கு வேலைக்கு வந்த புதிதில். மூன்று பேர் சேர்ந்து எடுத்த வாடகை வீடு, பங்கு போட்டு வாங்கிய ஒரே கம்ப்யூட்டர். ஒருவன் ஆட, இரண்டு பேர் பின்னால் நின்று "அந்தக் கப்பலைப் பின்னால எடுடா" என்று கத்துவோம். அப்போது எங்களுக்குப் பிடித்தது சண்டைதான். கடேஷ் என்ற கட்டத்தின் அர்த்தம் எனக்குப் புரிய இன்னும் பல வருஷம் ஆனது.

கடேஷ் ஒரு பெரிய மேகமண்டலம். உள்ளே வாழ்பவர்கள் யார் வந்தாலும் கொல்கிறார்கள். தங்கள் தோட்டத்தைப் பிறர் தீட்டுப்படுத்தக் கூடாதாம். சண்டை முற்றும்போதுதான் அங்கே ஒரு பழைய கப்பல் கண்ணில் படுகிறது. கராக் மணலில் கிடைத்த அதே வகைக் கப்பல்! அதாவது இவர்களும் நாமும் ஒரே கூட்டம். அந்தக் காலத்தில் ஒன்றாக விரட்டப்பட்டவர்கள். நாம் கராக் வரை போனோம். இவர்கள் பாதி வழியில் இறங்கி, கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரே ஊரிலிருந்து கிளம்பிய இரண்டு குடும்பங்கள் ஒருவரையொருவர் அடையாளம் தெரியாமல் அடித்துக்கொள்கின்றன.

என் மகள் புனேயில் பிறந்தவள். பள்ளிப் படிவத்தில் 'நேட்டிவ் பிளேஸ்' என்ற கட்டத்தில் என்ன எழுத என்று ஒருமுறை கேட்டாள். என் அப்பாவின் ஊரைச் சொன்னேன். எழுதினாள். அவளுக்கு அது கல்லில் இருக்கும் சொல்தான். கராக் மக்கள் யாரும் ஹீகாராவைப் பார்த்ததில்லை. அவர்கள் பிறந்து வளர்ந்து அழுதது கராக்குக்காக. போய்ச் சேர்ந்தது ஹீகாராவுக்கு. இரண்டில் எது சொந்த ஊர் என்று கேம் தீர்ப்புச் சொல்வதில்லை. கடேஷ்காரர்களைப் போலக் கதவைச் சாத்திக்கொள்வது மட்டும் வழியில்லை என்று காட்டிவிட்டுப் போகிறது.

இந்த கேமின் பின்கதையும் கிட்டத்தட்ட நாடோடிக் கதைதான். இரண்டாம் பாகம் 2003-ல் வந்தது. அதே வருஷம் முதல் பாகத்தின் மூல நிரலை ரெலிக் ரசிகர்களிடம் கொடுத்தது. அவர்கள் அதை வேறு இயங்குதளங்களுக்கும் கொண்டுபோனார்கள். 2004-ல் டிஎச்க்யூ நிறுவனம் ரெலிக்கை வாங்கியது. டிஎச்க்யூ திவாலாகி 2013-ல் ஏலத்துக்கு வந்தபோது, ஹோம்வேர்ல்டை 13.5 லட்சம் டாலருக்கு எடுத்தது கியர்பாக்ஸ். 2015-ல் புதுப்பித்த பதிப்பு, 2016-ல் கராக் பாலைவனத்தின் முன்கதை, 2024-ல் மூன்றாம் பாகம். பின்னிரண்டையும் செய்த பிளாக்பேர்டு நிறுவனத்தை நடத்தியவர்களில் முதல் கேமின் கலை இயக்குநர் ராப் கன்னிங்ஹாமும் ஒருவர். அவரும் பழைய இடத்துக்கே திரும்பி வந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசிக் காட்சியைச் சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும். எல்லோரும் ஹீகாராவில் இறங்குகிறார்கள். கப்பலிலிருந்து விடுவிக்கப்பட்ட கரன், தான் கடைசியாகத்தான் கால் வைப்பேன் என்று பிடிவாதமாக நிற்கிறார். அத்தனை பேரையும் சுமந்து வந்தவர்!

பி.கு: 2015 பதிப்பில் 1999-ன் பழைய வடிவமும் சேர்ந்தே வருகிறது. பிள்ளைகளோடு உட்கார்ந்து ஆடுவதாக இருந்தால் பழையதிலிருந்து ஆரம்பியுங்கள். மூன்றாவது கட்டத்தில் ஸ்பீக்கர் சத்தத்தைக் குறைக்காதீர்கள்.