பழைய மின்கித்தாரின் குரல் – கம்பிச்சுருளுக்குள் மறைந்த கைகள்



சென்ற பள்ளி விடுமுறையில் முன்னாள் மாணவர் ஒருவர் என் இல்லம் வந்திருந்தார். இப்பொழுது அவர் திருமண விருந்துகளில் மின்கித்தார் வாசிக்கிறார். 'பழங்கால வகை' என்று விளம்பரம் செய்யப்பட்ட பிக்கப் ஒன்றைப் பெருவிலை கொடுத்து வாங்கியிருந்தார். "ஐயா, உள்ளே இருப்பது காந்தமும் கம்பியும்தானே? ஆறாம் ஆண்டில் நீங்கள் ஆணியில் கம்பி சுற்றிக் காட்டினீர்களே, அதைப் போன்றதுதானே? பிறகு ஏன் பழையதைப் போல் செய்ததற்கு இத்தனை மதிப்பு?" என்று கேட்டார். வினா எளியது. விடை தேடிய பொழுதோ, தொழிற்கூடங்களின் வரலாறு ஒன்று விரிந்தது.

முதலில் அடிப்படையைக் காண்போம். ஆணியில் சுற்றிய கம்பி மின்சாரத்தால் காந்தமாகிறது. பிக்கப்பில் நிகழ்வது இதன் மறுதலை. காந்தத்தின் அருகே எஃகுத் தந்தி அதிரும்பொழுது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றம் சுருளில் மின்னழுத்தத்தைப் பிறப்பிக்கிறது. 1831-ஆம் ஆண்டு மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல் இதுவே. நைலான் தந்தி இங்குப் பயன்படாததற்கும் இதுவே காரணம்.

இதனைக் கித்தாருக்கு வெற்றிகரமாகப் பொருத்தியவர்களுள் முன்னோடி, அமெரிக்காவின் ஜார்ஜ் போஷாம் ஆவார். அவர் 1931-இல் உருவாக்கிய, வாணலி போன்ற தோற்றமுடைய அலுமினியக் கித்தாரை ரிக்கன்பேக்கரின் நிறுவனம் 1932-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. 1936-இல் கிப்சன் நிறுவனமும் தன் மின்கித்தாரை வெளியிட்டது. ஆயினும் இவற்றிலெல்லாம் ஒரு தொல்லை இருந்தது. தந்தியின் அதிர்வோடு, அருகிலுள்ள மின்கம்பிகளின் இரைச்சலையும் சுருள் உள்வாங்கிக் கொண்டது.

இத்தொல்லைக்குத் தீர்வு கண்டவர், மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ நகரில் இருந்த கிப்சன் தொழிற்கூடத்தின் பொறியாளர் செத் லவர். ஒன்றுக்கு இரண்டு சுருள்களை வைத்து, அவற்றை எதிரெதிராக இணைத்தார். இரு சுருள்களின் காந்த முனைகளையும் மாற்றி அமைத்தார். வெளியிலிருந்து வரும் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராக எழுந்து அழிந்தது. தந்தியின் ஒலியோ ஒன்று சேர்ந்தது. 1955 சூன் 22-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1959 சூலை 28-இல் அது கிடைத்தது. இடைக்காலத்தில், 1957 முதல் பிக்கப்பின் அடியில் 'காப்புரிமைக்கு விண்ணப்பிக்கப்பட்டுள்ளது' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் கொண்ட சிறு ஒட்டி ஒட்டப்பட்டது. அச்சொற்களின் முதல் எழுத்துகளே இன்று 'பி.ஏ.எஃப்.' என்னும் புகழ்ப்பெயராகிவிட்டன.

இனி ஒலிக்கு வருவோம். ஒரே வடிவமைப்பில் செய்யப்பட்ட அந்தப் பிக்கப்கள் ஒரே மாதிரி ஒலிக்கவில்லை. ஏன்?

முதற்காரணம், சுற்றுகளின் எண்ணிக்கை. ஒவ்வொரு சுருளிலும் ஏறத்தாழ 5,000 சுற்றுகள், கம்பியோ 0.063 மில்லிமீட்டர் தடிமன், அதாவது நம் தலைமுடி அளவு. சுற்றுகள் துல்லியமாக எண்ணப்படவில்லை. ஆகவேதான் பழைய பிக்கப்களின் மின்தடை ஏழு கிலோ ஓம் முதல் ஒன்பது கிலோ ஓம் வரை வேறுபடுகிறது. சுற்றுகள் கூடினால் ஒலி வலுப்பெறும்; ஆனால் கூரிய மேலொலிகள் மங்கி, நடுவொலி தடிக்கும். ஒரே பிக்கப்பின் இரு சுருள்களும் சமமாக இல்லாவிட்டால், இரைச்சல் சிறிதளவு மீளும். அதே வேளையில் ஒலியில் ஒரு தெளிவும் பிறக்கும்.

இரண்டாவது, காந்தம். அலுமினியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றை இரும்போடு கலந்து செய்யும் அல்நிக்கோ காந்தத்தில் பல தரங்கள் உண்டு. தொடக்க ஆண்டுகளில் கிப்சன் ஒரே தரத்தைப் பின்பற்றவில்லை. வலிமை குன்றிய காந்தம் மென்மையான ஒலியையும், வலிய காந்தம் பளிச்சென்ற ஒலியையும் தரும்.

மூன்றாவது, கம்பியின் மின்காப்புப் பூச்சும் அதைச் சுற்றிய விதமும். பூச்சு தடித்தால் கம்பிகளுக்கு இடையிலான தொலைவு மாறும். சுருளின் மின்தேக்குத்திறனும் அதனோடு மாறும். சுருளின் மின்தூண்டமும் இம்மின்தேக்குத்திறனும், கித்தாரிலிருந்து ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பிவடத்தின் மின்தேக்குத்திறனும் சேர்ந்தே, எந்த மேலொலி எடுப்பாகக் கேட்கும் என்பதை முடிவு செய்கின்றன. ஆதலால் பிக்கப்பை மட்டும் மாற்றிவிட்டுக் கம்பிவடத்தை மறந்துவிடுவது பாதி வேலைதான்.

நான்காவது, மெழுகு. பி.ஏ.எஃப். பிக்கப்கள் உருகிய மெழுகில் தோய்க்கப்படவில்லை. அதனால் சுருளும் மூடியும் தாமே நுண்ணிதாக அதிர்ந்து, ஒலிக்கு ஓர் உயிர்த்துடிப்பைச் சேர்த்தன. ஒலி மிகும்பொழுது கீச்சிட்டதும் இதனால்தான்.

இங்கேதான் கைகளைப் பற்றிப் பேச வேண்டியுள்ளது. கலிபோர்னியாவின் ஃபுல்லர்ட்டன் நகரில் ஃபெண்டர் நிறுவனம் 1954-இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரை வெளியிட்டது. அங்கே இயந்திரம் சுருளைச் சுழற்ற, கம்பியைத் தொழிலாளர்கள் விரல்களால் வழிநடத்தினர். அவர்களுள் பலர் மெக்சிகோ வழிவந்த பெண்கள். விரல் தளர்ந்தால் சுருள் தளரும், இறுகினால் இறுகும். 1956-இல் பணியில் சேர்ந்த அபிகேல் இபாரா, 2013-இல்தான் ஓய்வு பெற்றார். அவர் சுற்றிய பிக்கப்களைப் பிற்காலத்தில் இசைக்கலைஞர்கள் பெயர் சொல்லித் தேடி வாங்கினர். மற்றப் பெண்கள் பெரும்பாலோருக்கு அப்பேறு கிட்டவில்லை.

அன்று இவ்வேறுபாடுகளைச் சிறப்பென்று எவரும் கருதவில்லை. 1958 முதல் 1960 வரை பி.ஏ.எஃப். பொருத்தி விற்கப்பட்ட லெஸ் பால் ஸ்டாண்டர்ட் கித்தார் சரியாக விலைபோகாமல், அதன் வடிவமே 1961-இல் மாற்றப்பட்டது. 1966-இல் ஜான் மேயாலின் குழுவோடு எரிக் கிளாப்டன் அத்தகைய கித்தாரைக் கொண்டு இசைத்தட்டுப் பதிவு செய்த பின்னரே உலகம் திரும்பிப் பார்த்தது.

மதிப்பு ஏறியதும் வேடிக்கைகளும் தொடர்ந்தன. காப்புரிமை கிடைத்த பிறகு கிப்சன் ஒட்டிய ஒட்டியில் அச்சிடப்பட்ட 2,737,842 என்னும் எண், பிக்கப்பின் எண்ணே அன்று. லெஸ் பாலின் தந்திப் பிடிப்பானுக்கு உரியது. கறுப்புக்கு மாறாக வெண்ணெய் நிறச் சட்டத்தில் சுற்றப்பட்ட சுருள்களுக்கு இன்று கூடுதல் விலை. நிறத்திற்கும் ஒலிக்கும் ஒரு தொடர்பும் இல்லை!

என் மாணவரிடம் இவ்வாறு சொன்னேன்: "தம்பி, 'பழைய ஒலி' என்று ஒன்று இல்லை, பழைய ஒலிகள் பல உண்டு. எத்தனை சுற்று, எந்தக் காந்தம், எந்தப் பூச்சு, மெழுகு உண்டா என்று விற்பவரைக் கேள். விடை கூறுபவரிடம் வாங்கு. ஒட்டியைக் காட்டுபவரிடம் வாங்காதே."

அவர் சிரித்துக்கொண்டே தம் கித்தாரை எடுத்து மீட்டினார். ஒலி இனிமையாகவே இருந்தது. அதைச் சுற்றியவர் யாரோ என்றுதான் என் மனம் எண்ணியது. வகுப்பில் இனி ஆணியில் கம்பி சுற்றும்பொழுது, ஒவ்வொரு மாணவனின் சுருளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக் காட்டப் போகிறேன். ஒன்றைப் போல் மற்றொன்று இராது என்பதும் ஒரு பாடமே.