கட்டுகஸ்தோட்டையின் பாகைகள்

கண்டியின் வெப்பநிலை என்று வளிமண்டலவியல் திணைக்களம் நாள்தோறும் வெளியிடும் எண், தலதா மாளிகைக்கோ கண்டி வாவிக்கோ அருகில் அளக்கப்படுவதன்று; நகருக்கு வடக்கே, மகாவலி கங்கை வளைந்தோடும் கட்டுகஸ்தோட்டையின் வானிலை நிலையத்திலேயே அது பதிவாகிறது. இன்று அந்த எண் செல்சியஸ் பாகையில் வெளியாகிறது. ஆனால் 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமான பின், இப்பள்ளத்தாக்கைப் பற்றி அவர்கள் எழுதிவைத்த வெப்பக் குறிப்புகள் பரனைற் பாகையில் அமைந்தவை.

1816 முதல் 1820 வரை இலங்கையில் இராணுவ மருத்துவராகப் பணியாற்றிய ஜோன் டேவி, புகழ்பெற்ற வேதியியலாளர் ஹம்பிரி டேவியின் தம்பி ஆவார். 1821இல் லண்டனில் வெளியான தம் நூலில் உள்நாட்டின் தட்பவெப்பத்தை விரிவாக விவரித்த அவர், காற்றை மட்டுமன்றி மனித உடலின் வெப்பத்தையும் அளந்து, குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்கு வருவோரின் உடல்வெப்பம் சிறிது உயர்வதாகக் கருதினார்.

டேவி கையாண்ட அளவு, பரனைற் 1724இல் வெளியிட்ட ஆய்வுரையிலிருந்து வளர்ந்தது. பனிக்கட்டியும் உப்பும் கலந்த குளிர்க் கலவையைப் பூச்சியமாகக் கொண்டதால், அதில் தூய நீர் உறையும் புள்ளி 32 ஆகவும், கொதிக்கும் புள்ளி பின்னர் 212 ஆகவும் நிலைபெற்றன. 1742இல் செல்சியஸ் இவ்விரு புள்ளிகளின் இடைவெளியை 100 கூறுகளாக்கினார். ஆனால், இன்றைய வாசகருக்கு வியப்பளிக்கும் வகையில், கொதிநிலைக்கே 0 என்று பெயரிட்டார். அவர் மறைந்த பின்னரே அளவு தலைகீழாக்கப்பட்டது. ஒரே இடைவெளியை ஓர் அளவு 180 ஆகவும் மற்றது 100 ஆகவும் பிரிப்பதால், செல்சியஸ் எண்ணை 9ஆல் பெருக்கி 5ஆல் வகுத்து 32ஐக் கூட்டினால் பரனைற் எண் கிடைக்கிறது. கட்டுகஸ்தோட்டையின் ஆண்டுச் சராசரியை ஒட்டிய 25 பாகை செல்சியஸ் இவ்வாறு 77 பாகை பரனைற் ஆகிறது.

பலர் தடுமாறுவது வேறிடத்தில். கடல்மட்டத்திலிருந்து 400 மீற்றருக்கு மேல் அமைந்த கட்டுகஸ்தோட்டையைவிட, ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியா சராசரியாக 9 பாகை செல்சியஸ் குளிர்ந்தது. உயரம் ஒரு கிலோமீற்றர் கூடும்போது வெப்பநிலை ஏறத்தாழ 6.5 பாகை குறையும் என்ற பொது விதியோடு இது ஒத்துப்போகிறது. இந்த 9ஐப் பரனைற்றுக்கு மாற்றும் ஒருவர் பழக்கத்தால் 32ஐயும் கூட்டினால் விடை 48 பாகைக்கு மேல் சென்று, நுவரெலியாவை உறைபனி நிலமாக்கிவிடும். ஒரு குறித்த வெப்பநிலையை மாற்றும்போது மட்டுமே பூச்சியங்களுக்கிடையிலான 32 கணக்கில் வரும். இரு வெப்பநிலைகளின் வேறுபாட்டை மாற்றும்போது அது இரு பக்கமும் கழிந்துவிடுவதால் பெருக்கலே போதும், விடை 16.2 பாகை. காலநிலை மாற்றம் பற்றிய செய்திகளில் இப்பிழை இன்னும் கேடானது. ஏனெனில் 1961 முதல் 1990 வரை இலங்கையின் சராசரி வெப்பநிலை ஆண்டுக்கு 0.016 பாகை செல்சியஸ் வீதம் உயர்ந்ததாகக் கணிக்கப்பட்டுள்ள நிலையில், அது பரனைற்றில் 0.029 பாகை மட்டுமே.

பழைய பதிவேடுகளை மாற்றுவோருக்கு மற்றொரு பொறியும் உண்டு. முழுப் பரனைற் பாகைகளில் எழுதப்பட்ட 76, 77, 78 என்ற எண்கள் செல்சியஸில் 24.4, 25.0, 25.6 ஆகத் தசமத்தோடு வந்து நிற்பதால், அளந்தவரின் கண்ணுக்கு எட்டாத நுட்பம் அவற்றில் இருப்பதுபோல் தோன்றும். நீண்டகாலச் சராசரியில் இத்தகைய முழுமையாக்கப் பிழைகள் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். ஆனால் ஒரு தனி நாளின் பழைய அளவீட்டை இன்றைய கட்டுகஸ்தோட்டை அளவீட்டோடு நேருக்கு நேர் ஒப்பிடும்போது, கால் பாகை செல்சியஸ் வேறுபாட்டுக்குப் பொருள் கற்பிக்க இயலாது.