வழி சமைத்தோரும் வழி செல்வோரும்

மக்கள் ஊர்விட்டு ஊர் செல்வதற்குக் காரணங்கள் பல. பிழைப்பு நாடிச் செல்வோர் உளர். தலயாத்திரை செய்வோர் உளர். திருமணத்திற்கும் இழவிற்கும் செல்வோர் உளர். நாட்டைக் காண வேண்டும் என்னும் ஒரே நோக்கத்தோடு புறப்படுவோர் மட்டும் நம்மவருள் நெடுங்காலம் அரியராகவே இருந்தனர். இன்று அக்குறை நீங்கி வருகின்றது. விடுமுறை வந்தால் லகாட் இளைஞர் நால்வர் ஐவர் ஒரு மோட்டார் வண்டியில் ஏறி, குகை நுழைந்து, ஆற்றில் தெப்பம் விட்டு, மலை கடந்து, கிளாந்தான் வரை சென்று மீள்வது வியப்பன்று. இதனை வீண் செலவென்று கடிவோர் உளர்; நாம் அவ்வாறு கூறோம். ஆயின், தாம் செல்லும் சடக்கைப் போட்டவர் யாவர் என்பதை அறிந்து செல்கின்றனரா என்று மட்டும் கேட்போம்.

மலாயாத் தமிழனின் பழைய பயணம் உல்லாசத்திற்காக நிகழ்ந்ததன்று. நாகப்பட்டினத்திலோ சென்னையிலோ கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய பின், கங்காணி காட்டிய தோட்டமே அவனுக்கு உலகம். ஒப்பந்தக் கூலி முறை 1910இல் ஒழிந்தது. கங்காணி முறையோ பின்னரும் நீடித்தது. 1920களின் இறுதியில் முக்கியத் தோட்டப் பகுதிகளில் விதிக்கப்பட்ட நாட்கூலி ஆடவர்க்கு 50 காசு, பெண்டிர்க்கு 40 காசு. மராமத்து இலாகாவில் கல்லுடைத்துச் சடக்கு போட்டவர்களிலும் தமிழர் மிகுதி. அச்சடக்கில் ஈயமும் ரப்பரும் துறைமுகம் சென்றன. அதனைச் சமைத்தவன் லயத்திற்கே திரும்பினான். அவனை மறுபடியும் நெடும்பயணம் அனுப்பியவர் ஜப்பானியர். 1942–43இல் 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம்–பர்மா இரயில் பாதை போடத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழருள் பல்லாயிரவர் திரும்பவே இல்லை.

இவ்வரலாற்றை நெஞ்சிற் கொண்டு லகாட்டிலிருந்து புறப்படுவோம். முதலில் எதிர்ப்படுவது பத்து காஜாவை அடுத்த கெல்லி மாளிகை. ஸ்காத்லாந்திலிருந்து 1890இல் வந்த வில்லியம் கெல்லி ஸ்மித், காடழிப்பிலும் சாலைக் குத்தகையிலும் பொருளீட்டித் தோட்ட முதலாளியாகி, 1915இல் இப்பெருமனையைக் கட்டத் தொடங்கினார். வேலைக்கு வந்தோர் தமிழர். 1918இல் உலகெங்கும் பரவிய விஷக்காய்ச்சல் அவர்களுள் பலரை மாய்த்தது. தொழிலாளர் வேண்ட, துரை அருகில் ஒரு மாரியம்மன் கோயில் எழுப்பினார். அதன் மேல் அவருடைய உருவமும் தெய்வ உருவங்களோடு நிற்கின்றது. 1926இல் அவர் லிஸ்பனில் இறந்தார். மனை முற்றுப்பெறாமலே நின்றது. துரையின் பெயர் மாளிகைக்கு வாய்த்தது. உருவம் கோயில் மேல் ஏறிற்று. செங்கல் சுமந்து மாண்டவர்களின் பெயரைச் சொல்வார் யார்? மருந்தும் மருத்துவரும் வேண்டிய காலத்தில் கோயில் கிடைத்ததைப் பெரும்பேறாக எண்ணிய நம் நிலையையும் இங்கே நின்று சிந்திக்க வேண்டும்.

அடுத்து கோப்பெங். இங்கே கம்பார் ஆற்றில் காற்றடைத்த தெப்பத்தில் பாய்ந்து செல்லலாம். தெம்புரோங் குகையில் நிலத்தடி ஆற்றைப் பின்பற்றித் தவழ்ந்து செல்லலாம். முன்னாளில் ஈயம் தோண்டிய குகை அது. நீர் பெருகும் நாளில் ஆறும் குகையும் புகத்தக்கன அல்ல; வழிகாட்டியின் சொல்லை மீறுவது வீரமன்று, மடமை.

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் சடக்கு வளைந்து வளைந்து செல்வது. 1885இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இம்மேட்டுநிலத்தைக் கண்டார். 1920களின் பிற்பகுதியில் தொடங்கிய மலைச்சாலை 1931இல் முடிந்தது. காடும் பாறையும் மலைக்காய்ச்சலும் ஒருங்கே எதிர்த்த வேலை அது. வெள்ளையர் குளிர் காய்ந்து இளைப்பாறுவதற்கென அமைந்த மலையில் நம்மவர் தேயிலை பறித்தனர். இன்று அவர்களின் பேரப்பிள்ளைகள் லாத்தா இஸ்கண்டார் அருவியில் நீராடி, அதே தேயிலையைக் காசு கொடுத்து அருந்துகின்றனர். இம்மாறுதல் சிறிதன்று.

மலைக்கு அப்பால் லோஜிங் வழியாகக் குவா மூசாங் அடைந்து, வடக்கே ஜெலி சென்று, கிழக்கு–மேற்கு நெடுஞ்சாலையில் திரும்பலாம். 1970இல் தொடங்கிய அச்சாலை, 1974இல் கம்யூனிஸ்டுப் படையினரின் தாக்குதலுக்கு உள்ளாகி, 1982இல் திறக்கப்பட்டது. பெருங்காட்டினிடையே கிரிக் வந்து கோலகங்சார் அடைந்தால், 1877இல் நட்ட ரப்பர் மரங்களுள் ஒன்று இன்றும் நிற்கக் காணலாம். நம் முன்னோரை இக்கரைக்கு இழுத்த மர இனம் அதுவே. அங்கிருந்து ஈப்போவும் லகாட்டும் அணித்தே.

1929 டிசம்பரில் பெரியார் ஈ. வெ. ராமசாமி பினாங்கில் இறங்கி, ஈப்போவில் கூடிய தமிழர் சீர்திருத்த மாநாட்டில் பேசிச் சிங்கப்பூர் வரை சென்றார். பிழைப்பிற்கன்று, நேர்த்திக்கடனுக்கன்று, மக்களைக் கண்டு பேசவே அவர் இந்நாட்டைச் சுற்றினார். பயணம் அறிவின் கருவி என்பதற்கு அதனினும் நல்ல சான்று வேண்டுமோ?

தோட்டங்கள் பல விற்கப்பட்டு வீட்டுமனைகளாகிவிட்டன, லயங்கள் இடிந்தன. எழுதி வைக்காத வரலாறு முதியோர் நாவில் மட்டுமே எஞ்சியுள்ளது. ஆதலின், இளைஞர்களே, வண்டியில் ஓரிடத்தை ஒரு முதியவருக்கு ஒதுக்குங்கள். பெண்மக்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். 40 காசிற்கு உழைத்த பாட்டிமாரின் பேத்திகளுக்கு இச்சடக்கில் சரிபாதி உரிமை உண்டு. கண்டதையும் கேட்டதையும் அன்றன்றே எழுதி வையுங்கள். திருவிழாவிற்குக் கடன் வாங்கும் குடும்பங்கள், ஆண்டிற்கொருமுறை பிள்ளைகளுக்கு நாட்டைக் காட்டும் செலவிற்குச் சிறிது சேர்த்து வைக்கட்டும். நம் கை பட்ட நாட்டை நம் கண்ணும் காணட்டும்.