தோலும் தீட்டும்

கார் சீட்டுத் தோலுக்குச் சோப்பின் காரம் ஆகாது. ஈரத்துணியால் துடைத்து எண்ணெய்ப்பசை கொடு என்கிறார்கள். இது நம்மாளுங்க கையில எப்பவோ இருந்த அறிவு. மயிர் நீக்கச் சுண்ணாம்புக்குழி, பதனிட ஆவாரம்பட்டை, நிறம் வெளுக்கக் கடுக்காய், மிருதுவாக்கப் புங்க எண்ணெய். 1884இல் அமெரிக்காவில் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் குரோம் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பட்டை போய்க் குரோம் வந்தது. வேலூர்ப் பக்கத் தோல் ஷாப்புகளில் குழிக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் தலித்துகளே. பாலாறு கெட்டதை 1996இல் உச்சநீதிமன்றமே சொன்னது. 2015 ஜனவரி 31 விடிவதற்குள் ராணிப்பேட்டையில் தோல்கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்தது. பக்கத்து ஷாப்பில் தூங்கிய 10 தொழிலாளர்கள் சேற்றில் செத்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். தோலைத் தொட்டவனுக்குத் தீட்டு. அதும்மேல உக்காந்தவனுக்கு அந்தஸ்து. சீட்டைத் துடைக்கிறீர்கள், சரி. இதை எதைக்கொண்டு துடைப்பீர்கள்?